பத்துக்கு ஒன்று

தைப்பொங்கலுக்கு மறுநாள் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் வைத்த கரப்பந்தாட்டப் போட்டியில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆட்டத்தில், நான் பந்துக்குத் துள்ள, டக்கென்ற சத்தத்தோடு என் வலது குதிகாலில் யாரோ ஓங்கி உதைத்தார்கள். உதைத்தது யார் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்று விளையாடியது மனைவியின் தம்பி. விழுந்து கிடந்தபடியே அவனைத் திட்டத் தொடங்கினேன்.

"ஏன்டா உதைச்சனி? பந்தைப் பாத்து விளையாடத் தெரியாதோ உனக்கு?"

"அத்தான், நான் இஞ்சை நிக்கிறன்" என்றான். சத்தம் பின்கோட்டிலிருந்து வந்தது. எனக்கும் அவனுக்கும் இடையில் ஒரு உழவு மெசினைத் திருப்பி எடுக்கலாம்.

அடுத்ததாகக் குதிகாலைக் கையால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். வன்னியில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இது கைப்பழக்கம். டக்கென்று ஒரு சத்தம் கேட்டு உடம்பில் ஓர் அடி விழுந்தால் முதலில் இரத்தம் தேடுவோம். இரத்தம் இல்லையென்றால் ஒன்றுமில்லை, எழும்பி ஓடலாம். இரத்தம் இல்லை. எழும்பினேன். இடது கால் எழும்பியது, வலது கால் வரமாட்டேன் என்றது. அப்போதுதான் நான் "ஐயோ அம்மா" என்று திடல் முழுக்கக் கேட்கக் கத்தினேனாம். நான் அப்படிக் கத்தவில்லை என்று பல மாதம் சாதித்துப் பார்த்தேன். ஆனால் சாட்சிக்கு ஊரே நின்றது.

அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் நின்றாள். மற்றப் பெண்களாக இருந்தால் ஓட்டோவைக் கூப்பிட்டிருப்பார்கள். இவள் முதலில் அம்மாளாச்சியைக் கூப்பிட்டாள். "தாயே, இந்த மனிசன்ர காலைத் திருப்பித் தா. ஆவணித் திருவிழாவுக்கு இவரை உனக்குக் காவடி எடுக்க வைக்கிறன்." ஓட்டோ அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைப்பவர் ஒருவர், அதை நிறைவேற்றுபவர் இன்னொருவர். பிள்ளை சோதனை பாஸ் பண்ணினால் தகப்பனுக்கு மொட்டை. மாமியாருக்குக் காய்ச்சல் மாறினால் மருமகள் கோயில் வீதியில் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிப்பாள். யாருடைய உடம்பைப் பந்தயம் வைக்கிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் கிடையாது. இதிலும் விசேஷம் என்னவென்றால், காவடி என்பது சும்மா தோளில் வைத்துக்கொண்டு நடப்பது அல்ல. முன்பாதத்தில் ஊன்றி, துள்ளித் துள்ளி, மேளத்துக்கு ஆடிக்கொண்டு வீதி சுற்ற வேண்டும். கால் எப்படித் துள்ளி அறுந்ததோ அப்படியே துள்ளி, அது ஒட்டிவிட்டது என்று தெய்வத்துக்குக் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, கெண்டைக்காலைப் பிடித்து அமத்தினார். இடது பாதம் ஆடியது. வலது பாதம் செத்த மீன் மாதிரிக் கிடந்தது. குதிநாண் அறுந்துவிட்டது என்றார். அப்படி ஒன்று என் உடம்பில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாற்பத்தெட்டு வருசம் ஒரு சொல் பேசாமல் என்னைச் சுமந்த சாமான் அது. தைத்து, விரல் கீழே பார்த்தபடி பாதத்தை வைத்து, முழங்கால் வரைக்கும் பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள்.

பார்க்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

"எலும்பு முறியேல்லையோ?"

"இல்லை. நாண்."

"ஓ, நரம்போ. அப்ப பயமில்லை."

எலும்பு முறிந்திருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும் என்று அப்போது விளங்கியது. நாண் என்று சொல்ல, கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகலாமா என்று யோசிப்பது போல முகத்தை வைத்தார்கள். ஒருவர் உழுத்தம்மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பத்துப் போட்டால் ஒரு கிழமையில் ஓடலாம் என்றார். பிளாஸ்டருக்கு மேலால் எப்படிப் பத்துப் போடுவது என்று கேட்டேன். அதற்கு மேலால்தான் போட வேண்டும், மருந்து தன்பாட்டில் இறங்கும் என்றார். அந்த மாசியில் எங்கள் வயல் அறுவடையை மனைவி தனியாக நின்று முடித்தாள். நான் வாசலில் கதிரை போட்டு, இன்னொரு கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வயலுக்குப் போய் வருகிறவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்டர் வெட்டியபின் புதன்கிழமைகளில் உடற்பயிற்சிக் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். அதை நடத்தியது வவுனியாவிலிருந்து வருகிற ஒரு பெண். அவளுடைய ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பேச்சில் அந்தச் சாயல் இருந்தது. எனக்கு மகள் வயது. முதல் நாளே என்னை "ஐயா" என்று கூப்பிட்டு என் விளையாட்டு வாழ்க்கையை முடித்துவைத்தாள்.

கிளினிக்கில் நாங்கள் காத்திருக்கிற நீள வாங்கில் என்னோடு இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இடப்பக்கத்தில் இருந்த அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். புதுக்குடியிருப்புச் சந்தையில் தேங்காய் விற்கிறவ. கால் பொருத்துகிற இடம் உரசுகிறது என்று வந்திருந்தா. வலப்பக்கத்தில் இருந்தவருக்குக் கை மடியாது. அவருக்கு அங்கால் இருந்தவருக்கு ஒரு பக்கத்துக் கண்ணும் தோள்பட்டையில் பாதியும் இல்லை. நடுவில் நான், துள்ளி விளையாடிக் காலைக் கெடுத்துக்கொண்டு வந்தவன்.

"உங்களுக்கு என்ன?" என்று அக்கா கேட்டா.

சொன்னேன். அவ என் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தா.

"இரண்டும் கிடக்குத்தானே?"

"ஓம்."

"பிறகென்ன? எனக்கெண்டால் பழசாப்போனால் புதுசு போட்டுத் தருவினம். உங்கட காலை மாத்தவும் ஏலாது. பாவம்தான்."

வாங்கு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு வெட்கப்படத் தொடங்கியவன்தான்.

பிறகு கிளினிக்கை நடத்துகிற அந்தப் பிள்ளை ஓர் அட்டையோடு வந்தாள். அட்டையில் பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும் இலக்கங்கள், மேலே முகங்கள். பூச்சியத்து முகம் சிரித்தது, பத்தாவது முகம் கண்ணீர் விட்டது.

"வலி எவ்வளவுன்னு சொல்லுங்க. வலியே இல்லன்னா பூச்சியம். உங்க வாழ்க்கையிலயே நீங்க பட்டதுல பெரிய வலி எதுவோ, அது பத்து. அதோட வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

இந்தக் கேள்வியை உலகத்தில் எங்கேயும் கேட்கலாம், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட வன்னிச் சனத்திடம் மட்டும் கேட்கக்கூடாது. கை மடியாதவர்தான் முதலில் சிரித்தார்.

"பிள்ளை, பத்து எப்பவோ முடிஞ்சு போச்சு. இப்ப இருக்கிறதெல்லாம் சில்லறை."

அவர் ஒன்று என்றார். ஒற்றைக் கண்காரரும் ஒன்று என்றார். அக்கா கொஞ்சம் பெரிய மனசு வைத்து மூன்று என்றா. என் முறை வந்தது. காலை எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்குள் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குசினி வரைக்கும் போவேன். ஆனால் என் பத்து எது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். அதன் பக்கத்தில் கரப்பந்தாட்டத்தில் அறுந்த ஒரு நாணை வைத்து ஐந்து, ஆறு என்று சொல்ல எனக்கு வாய் கூசியது.

"ஒண்டு" என்றேன்.

அவள் ஒன்று என்று எழுதினாள். அடுத்த புதனும் ஒன்று. அதற்கடுத்ததும் ஒன்று. கொப்பியைப் பார்த்தால் வைத்தியசாலை வரலாற்றிலேயே இவ்வளவு ஒழுங்காகச் சுகமான நோயாளி இருக்க முடியாது. அந்த ஒன்றை நம்பி அவள் பயிற்சியைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு காலில் நின்று குதியைத் தூக்கினேன், பிறகு படியில் நின்று இறக்கினேன். "வீட்டுல ஒத்தக் கால்ல நின்னு தூக்குறீங்களா ஐயா?" என்று கேட்டாள். "ஓம், இருவது இருபத்தைஞ்சு தரம்" என்றேன். வீட்டில் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒற்றைக் காலில் நின்று தூக்கிப் பார்ப்பேன். மண்டையிலிருந்து கட்டளை போகும், முகம் சிவக்கும், பல் கடிபடும், குதி மட்டும் நிலத்தை விட்டு ஓர் இம்மி எழும்பாது.

நோவைக்கூடச் சமாளித்தேன். வைகாசி முடிய அது உண்மையிலேயே குறைந்துவிட்டது. சமாளிக்க முடியாமல் இருந்தது பயம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறது. பத்து வயதுப் பெட்டைகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவார்கள். அதன் கரையில் நான் நிற்பேன். தாண்டலாம் என்று தெரியும். காலும் ஓம் என்னும். அந்த டக் என்ற சத்தம் காதுக்குள் கேட்கும். உடனே திரும்பி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து, பாலத்தால் சுற்றி மற்றப் பக்கம் வருவேன். போக ஒரு கால்மணி, வர ஒரு கால்மணி. யாராவது கண்டால் தண்ணீர் பார்க்கிற மாதிரிக் குனிந்து, ஒரு தடியை எடுத்துச் சேற்றைக் கிண்டுவேன்.

இப்படித் தினமும் காலையும் மாலையும் வாய்க்காலைக் கிண்டியதில் ஒரு விபரீதம் நடந்தது. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, சுகமில்லாத காலோடும் குளத்துத் தண்ணீரைக் காவல் காக்கிற மனிசன் என்று என்னைக் காட்டி, சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடுகிற பொறுப்பை எனக்குத் தரவேண்டும் என்றார். கை தட்டினார்கள். இரண்டு முழ அகலத்து வாய்க்காலைத் தாண்டப் பயந்தவனுக்குக் குளமே கைக்கு வந்தது.

வழியில் கண்டவர்கள் எல்லோரும் "கால் சுகமோ?" என்று கேட்டார்கள். "ஓம் ஓம், சுகம்" என்றேன். உண்மையில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. கேட்கிறவரின் மோட்டார் சைக்கிள் நிற்பதே இல்லை. "இல்லை" என்று சொல்வதற்கிடையில் ஆள் சந்தி தாண்டியிருப்பார். இப்படி நூறு பேருக்குச் சுகம் சொல்லிச் சொல்லி, ஆடி மாதம் முடியும்போது ஊர் எனக்குச் சுகப் பத்திரம் எழுதிவிட்டது. கிளினிக் கொப்பியில் ஒன்று, ஊர் வாயில் சுகம், தலையில் தண்ணீர்ப் பொறுப்பு. அம்மாளாச்சி தன்னுடைய பங்கைச் செய்துவிட்டா. மிச்சம் நான்தான்.

திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்க, ஒரு ஞாயிறு பின்னேரம், மைத்துனன் மயிலிறகு கட்டின காவடியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினான். சும்மா ஒருக்கா ஆடிப் பார்ப்போம், தோள் பழக வேணும் என்றான். கைத்தொலைபேசியில் காவடி மேளம் ஒன்றைத் தேடிப் போட்டு மாமரத்துக் கிளையில் செருகினான். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் கண்டு எவ்வளவோ நாள்.

காவடியைத் தோளில் வைத்தேன். இடது காலை வைத்தேன். வலதை வைத்தேன். திரும்ப இடது. மேளம் ஏறியது. இனி வலது காலில் துள்ள வேண்டும். துள்ளவில்லை. தோளில் காவடி, ஒரு கால் நிலத்தில், ஒரு கால் அரை அடி மேலே, வியர்வை கண்ணுக்குள் இறங்க, கோயில் கோபுரத்துப் பொம்மை மாதிரி அப்படியே நின்றேன்.

"என்ன அத்தான், நோகுதோ?" என்றான் மைத்துனன்.

"நோகேல்லை."

"அப்ப?"

"பயமாக் கிடக்கடா" என்றேன். "எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. திரும்ப அறுந்துபோம் எண்டு பயமாக் கிடக்கு."

அவன் ஓடிவந்து காவடியை வாங்கினான். மாமரத்தில் மேளம் நின்று ஒரு சவர்க்கார விளம்பரம் தொடங்கியது. ஒரு பெண் குரல் பளிச்சென்ற வெண்மையைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மனைவி கோபிப்பாள் என்றுதான் நினைத்தேன். தெய்வக்குற்றம் என்பாள், ஊர் என்ன சொல்லும் என்பாள். நானும் பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தேன், என்னைக் கேட்டோ நேர்த்தி வைச்சனி என்று. அவள் கிட்ட வந்து என் வலது காலைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இடம்பெயர்ந்து திரிஞ்ச அவ்வளவு நாளும் நீங்கள் ஒரு சத்தம் போடேல்லை. செல் விழேக்கையும் இல்லை. மூத்தவனைப் புதைச்சுப்போட்டு வரேக்கையும் இல்லை. வாயைத் திறக்கேல்லை. அண்டைக்குத் திடலிலைதான் முதல்முதலாக் கத்தினியள். நான் நடுங்கிப்போனன். இந்த மனிசனும் போகப்போகுதெண்டு நினைச்சன். அதுதான் வாயிலை வந்ததை நேர்ந்தனான்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொன்னனியளோ?"

தயார் பண்ணி வைத்திருந்த கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அழுகைதான் வந்தது. மைத்துனன் நின்றதால் வியர்வையைத் துடைக்கிற சாட்டில் போட்டிருந்த சேட்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அடுத்த புதன் கிளினிக்கில் அந்தப் பிள்ளை அட்டையை நீட்ட, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய், இப்போது நோவைவிடப் பயம்தான் என்றேன். வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் உடனே என்னை ஒற்றைக் காலில் நிற்கவைத்துக் குதியைத் தூக்கச் சொன்னாள். இரண்டு தரம் பாதி எழும்பியது. மூன்றாம் தரம் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டி, அந்த ஒன்றுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பயத்துக்கு என்னிட்ட அட்டை இல்ல ஐயா. ஆனா நான் கேட்டிருக்கணும்" என்றாள். பிறகு துள்ளுகிற வேலை எதுவும் இன்னும் மூன்று மாதத்துக்குக் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லி, பழையபடி படியிலிருந்து தொடங்கினாள். தேங்காய் அக்கா மட்டும் விடவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் எங்களோடை இருந்து பொய்யே சொன்னனீங்கள்?"

"நீங்கள் சொல்லுற மூண்டு மெய்யோ?"

அவ தன் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தா. "இல்லை" என்றா. அந்தப் பிள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு வாங்கின் முதல் ஆளிடமிருந்து திரும்பவும் கேட்கத் தொடங்கினாள். அன்றைக்குக் கிளினிக் முடிய இரண்டு மணியானது.

ஆவணித் திருவிழாவில் காவடியை மனைவி எடுத்தாள். நேர்ந்தது நான், ஆகவே கொடுப்பதும் நான் என்று கோயில் ஐயரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பழக்கமும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. வெயில் ஏறி மணல் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று தரம் வீதி சுற்றினாள். நான் தண்ணீர்ப் போத்திலோடு பின்னால் நடந்தேன். ஆம்பிளை சும்மா வர, பொம்பிளை ஆடுகிறாள் என்று யாரோ எனக்குக் கேட்கத் தக்கதாகச் சொன்னார்கள். ஒருவர் வழக்கம்போல "கால் சுகமோ?" என்றார். "இல்லை" என்றேன். மனிசன் திகைத்துப்போய் நின்றார். நடந்துகொண்டு கேட்டதால் அவரால் சந்தி தாண்டி ஓடவும் முடியவில்லை. பாவம், என்னோடு அரை வீதி வந்து முழுக் கதையையும் கேட்டார்.

காவடி இறக்கியபின் அவள் வேப்பமரத்துக்குக் கீழே போய், மரத்தில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி இருந்தாள். உள்ளங்கால் இரண்டும் சிவந்து பொக்களம் கிளம்பியிருந்தது. நான் முன்னால் குந்த ஏலாமல், ஒரு பக்கமாகச் சரிந்து மணலில் இருந்தேன்.

"நோகுதோ?" என்று கேட்டேன். கலியாணம் கட்டி இருபத்தாறு வருசத்தில் நான் இதைக் கேட்டிருக்கிறேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று தெரியும்.

"ஓம்" என்றாள். "நல்லா நோகுது. இடுப்பும் நாரியும் நோகுது. மாசி அறுவடையிலை இருந்து நோகுது."

அவள் காலை எடுத்து மடியில் வைத்துத் தண்ணீரை ஊற்றினேன். பொக்களத்தில் படாமல் கெண்டையையும் குதியையும் மெதுவாக அமத்திவிட்டேன். சனம் நின்று பார்த்தது. நாலு பொம்பிளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மைத்துனனுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"அத்தானுக்குக் காலிலை வந்தது தலைக்கு ஏறிட்டுது" என்றான்.

நான் கையை எடுக்கப் போனேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எடுக்காதேங்கோ" என்றாள். "இன்னும் கொஞ்சம் மேலை."